ஆர்எக்ஸ் 100 இன்ஜின் பூட்டும்போது எந்த இணைப்புக்கு எந்தப் பசை, எந்தப் பாகத்துக்கு எந்த எண்ணெய்: முழுமையான வழிகாட்டி

யமஹா ஆர்எக்ஸ் 100 என்ற டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளின் உற்பத்தி 1996-இல் நின்றுவிட்டாலும், மதுரை நகருக்குள்ளும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிச் சாலைகளிலும் அந்த வண்டியை இன்றும் அன்றாடம் பார்க்க முடிகிறது. இவற்றில் பெரும்பாலானவை ஒரு முறையாவது முழுதாகப் பிரித்துப் பூட்டப்பட்டவை. போர் போடுவதற்கும் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவதற்கும்) கனெக்டிங் ராட் மாற்றுவதற்கும் நல்ல லேத் பட்டறையைத் தேடி அலைகிறவர்கள்கூட, பாகங்களைத் திரும்பப் பூட்டும்போது இடையில் பூசும் பசையைப் பற்றியும் தடவும் எண்ணெயைப் பற்றியும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கடையில் கிடைத்த ஏதோ ஒரு டியூப் எல்லா இணைப்புகளுக்கும் போய்விடுகிறது. எந்தப் பசை சிறந்தது என்ற கேள்வியே பொருத்தமற்றது. அந்த இணைப்பின் உட்புறத்தைத் தொடுவது பெட்ரோலா, கியர் ஆயிலா, நெருப்பா என்று பார்த்த பிறகுதான் பசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எண்ணெய்க்கும் இதே விதிதான்.

கிராங்க் கேஸ் ஏன் தனிக் கவனம் கேட்கிறது

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில், கிராங்க் சுழலும் கூடான கிராங்க் கேஸ் கசிந்தால் தரையில் ஆயில் சொட்டும், வண்டி ஓடும். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸே பெட்ரோல்-காற்றுக் கலவையை உறிஞ்சித் தள்ளும் பம்பு. பிஸ்டன் மேலே ஏறும்போது உள்ளே வெற்றிடமும், கீழே இறங்கும்போது அழுத்தமும் உண்டாகின்றன. ஆர்எக்ஸ் 100 தன் முழுச் சக்தியைத் தரும் 7500 சுழற்சி வேகத்தில் இந்த மாற்றம் ஒரு நொடிக்கு 125 முறை நடக்கிறது. எங்கேனும் முடியளவு இடைவெளி இருந்தால், வெற்றிடம் உண்டாகும் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்று உள்ளே நுழைந்து, கார்புரேட்டர் அளந்து கொடுத்த கலவையில் பெட்ரோலின் பங்கைக் குறைத்துவிடுகிறது. மசகுக்கான 2டி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஓட்டும் வண்டியில் அந்த ஆயிலும் சேர்ந்து குறைகிறது. வெப்பம் ஏறி, மசகு குறைந்து, பிஸ்டன் ஜாம் ஆகிறது. புதிதாகப் போர் போட்ட சிலிண்டர் சில நூறு கிலோமீட்டரிலேயே கோடு விழுந்து போவதற்கு, கார்புரேட்டரில் பெட்ரோலை அளக்கும் ஜெட்டின் அளவைப் போலவே இந்தக் காற்றுக் கசிவும் காரணமாக இருக்கக்கூடும்.

இப்போது விற்கப்படும் பெட்ரோல் இந்த ஆபத்தைக் கூட்டியிருக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் எரிவதற்கு, அதே அளவு பழைய பெட்ரோலுக்கு வேண்டியதைவிடக் குறைவான காற்றே போதும். வெறும் பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று என்றால், இ20-க்கு ஏறக்குறைய 13.5 பங்கு. ஆகவே பழைய ஜெட்டோடு ஓடும் வண்டி, கசிவே இல்லாவிட்டாலும், காற்று மிகுந்த கலவையில்தான் ஓடுகிறது. அதன் மேல் சிறு கசிவும் சேர்ந்தால் இன்ஜினுக்குத் தப்பிக்க இடமில்லை.

பசை வகைகளும் அவற்றின் இயல்பும்

முதலில் ஷெல்லாக். பழைய மெக்கானிக்குகள் பலர் இன்றும் நம்பும் பழுப்பு நிறத் திரவம் இது. அரக்கை ஆல்கஹாலில் கரைத்துச் செய்வது. வெறும் பெட்ரோல் அதை எளிதில் கரைக்காது என்பதால் அந்தக் காலத்தில் அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் எத்தனாலும் ஆல்கஹால்தான். எந்தத் திரவத்தில் அரக்கு கரைந்து பசையாகிறதோ, அதே திரவம் இன்று பெட்ரோலோடு சேர்ந்து கிராங்க் கேஸுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. பெட்ரோல் படும் எந்த இணைப்புக்கும் ஷெல்லாக் இனி கூடாது என்பது என் உறுதியான கருத்து. முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் சொன்னாலும், அந்த அனுபவம் வேறு பெட்ரோலில் பெற்றது என்பதை மரியாதையோடு எடுத்துச் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்தது, டியூப்பில் வரும் சிலிக்கான் பேஸ்ட். மதுரைக் கடைகளில் எளிதாகக் கிடைப்பதும், அளவுக்கு மீறிப் பயன்படுத்தப்படுவதும் இதுதான். காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு ரப்பராக மாறும் பொருள் இது. கியர் ஆயிலையும் வெப்பத்தையும் நன்றாகத் தாங்கும். பெட்ரோலில் மட்டும் ஊறி, உப்பி, உலோகத்திலிருந்து விட்டுப் பிரியும். பிதுங்கி நிற்கும் துணுக்கு உடைந்து உள்ளே போனால் எந்தத் துளையை அடைக்கும் என்று சொல்ல முடியாது. காயும்போது வினிகர் வாசனை வரும் வகை, அலுமினியத்தை அரிக்கும் அமிலத்தை வெளிவிடுவதால் இன்ஜினுக்கே ஆகாது. ஆகவே ஆர்எக்ஸ் 100-இன் பெட்ரோல் பக்கத்தில் சாதாரண சிலிக்கானுக்கு இடமில்லை.

மூன்றாவது, முழுதாக இறுகாமல் பாதி காய்ந்த நிலையில் நிற்கும் கரைப்பான் வகைத் திரவப் பேக்கிங் (இணைப்பின் இடைவெளியை அடைக்கும் பொருள்). யமஹா பாண்ட் 4 என்ற பெயரில் யமஹா தன் டூ ஸ்ட்ரோக் கிராங்க் கேஸ்களுக்குச் சொன்னது இந்த வகைதான். பெட்ரோலைத் தாங்கும், அதிர்வில் விரிசல் விடாது, அடுத்த முறை பிரிக்கும்போது மேற்பரப்பைக் காயப்படுத்தாமல் துடைத்தெடுக்கலாம். ஆர்எக்ஸ் 100-இன் கிராங்க் கேஸ் இரண்டு பாதிகளுக்கும் நடுவே காகிதப் பேக்கிங் கிடையாது. உலோகத்தோடு உலோகம் சேரும் இணைப்பு அது. அதற்கு இதுவே என் முதல் தேர்வு.

நான்காவது, காற்றுப் படாத இடத்தில் உலோகத்தைத் தொட்டு இறுகும் அனரோபிக் பசை. லாக்டைட் 518 இந்த வகை. மேற்பரப்பு தட்டையாக இருந்தால் மிக நல்ல பொருள், உள்ளே பிதுங்கியது இறுகாமல் எண்ணெயோடு கரைந்து போவது இதன் பெரிய நன்மை. ஆனால் அலுமினியத்தின் மேல் இது மெதுவாகவே இறுகும் என்பதால் ஒரு முழு நாள் பொறுத்திருக்க வேண்டும். கத்தி முனையால் நெம்பிக் கீறல் விழுந்த பழைய கேஸுக்கு இதைவிட மூன்றாவது வகையே பாதுகாப்பானது.

எந்த டியூப்பாக இருந்தாலும் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரையின் கீழ் மாதக்கணக்கில் கிடந்த டியூப், தேதி மீதமிருந்தாலும், அழுத்தும்போது கட்டியாக வந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

மேற்பரப்பைத் தயார் செய்தல்

நல்ல பசையும் அழுக்கின் மேல் ஒட்டாது. பழைய பசையை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டக் கூடாது. பித்தளைத் தகடோ, கடினமான பிளாஸ்டிக் பட்டையோ போதும். காய்ந்த பசை விட மறுத்தால் பேக்கிங் ரிமூவரைத் தடவிக் காத்திருக்கலாம். பிறகு தடித்த கண்ணாடிப் பலகையின் மேல் 400 எண் வாட்டர் பேப்பரை விரித்து, கேஸின் முகத்தை அதன் மேல் எடையில்லாமல் எட்டு வடிவில் இரண்டு மூன்று முறை மட்டும் நகர்த்தினால், எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரிந்துவிடும். இது சோதனைக்காக மட்டும். பள்ளம் தெரிந்தால் கையால் தேய்த்துக்கொண்டே போகாமல் லேத் பட்டறைக்குக் கொண்டுசெல்லுங்கள். இரண்டு பாதிகளையும் நேராகப் பொருத்தும் டவல் பின் துளைகளைச் சுற்றி உலோகம் மேலெழும்பியிருப்பது சாதாரணம், அதை மட்டும் நுண்ணிய அரத்தால் எடுத்துவிடலாம்.

கடைசித் துடைப்பைப் பெட்ரோலால் செய்யாதீர்கள், அது எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும். அசிட்டோனில் நனைத்த, நூல் பிரியாத வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் கறை வராத வரை மாற்றிக்கொண்டே இருங்கள். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும், அதனால் திறந்த வெளியில் வேலை செய்யுங்கள்.

பேரிங், ஆயில் சீல், கிராங்க்: எண்ணெய்த் தேர்வு

கிராங்க் அறைக்குள் இருக்கும் எல்லாமே கடைசியில் எரிந்து புகைக்குழாய் வழியே வெளியேறும். ஆகவே அங்கே தடவும் எண்ணெயும் எரிவதற்கென்றே தயாரிக்கப்பட்ட எண்ணெயாக இருக்க வேண்டும். கனெக்டிங் ராடின் இரு முனைகளிலும் இருக்கும் பிக் எண்ட், ஸ்மால் எண்ட் நீடில் பேரிங்குகளுக்கும், கிராங்கின் இரு பக்கப் பேரிங்குகளுக்கும், வண்டியில் ஊற்றப்போகும் அதே 2டி ஆயில், ஜாசோ என்ற ஜப்பானியத் தர அமைப்பின் எஃப்சி அல்லது எஃப்டி தரத்தில், போதுமானது. ஃபோர் ஸ்ட்ரோக் கேம் ஷாஃப்டுக்காக விற்கப்படும் மாலிப்டினம் கலந்த கறுப்பு அசெம்பிளி பேஸ்டை இங்கே பூசுவது வீண் செலவு மட்டுமல்ல, பிஸ்டன் ரிங் படிவதையும் கெடுக்கும். நீடில் பேரிங்கில் கிரீஸ் அடைக்கும் பழக்கமும் வேண்டாம். கலவையில் வரும் எண்ணெய் உள்ளே நுழைய வேண்டிய வழியை அந்தக் கிரீஸ் மறித்து நிற்கும்.

பேரிங்கைக் கேஸில் இறக்குவதற்குக் கேஸைச் சுமார் 100 டிகிரிக்குச் சூடாக்குவார்கள். எரிவாயு வெல்டிங் சுவாலையால் ஒரே இடத்தில் சூடு காட்டினால் அலுமினியம் வளையும். பழைய மின்சார அடுப்போ ஓவனோ கிடைத்தால் சீராகச் சூடேறும். பேரிங் இறங்கிய பிறகு கேஸ் முற்றிலும் ஆறும் வரை பசையைத் தொடவே கூடாது. சூடான முகத்தில் பூசினால் கரைப்பான் நொடியில் பறந்து, இரண்டு பாதிகளும் சேரும் முன்பே பசை தோல் கட்டிவிடும்.

கிராங்கின் இரு பக்கமும் கசிவைத் தடுக்கும் வளையமான ஆயில் சீல் விஷயத்தில் நிதானமாக இருங்கள். இடப்பக்க மேக்னெட் சீல் போனால் வெளிக்காற்று நுழையும், வலப்பக்க கிளட்ச் சீல் போனால் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு வெள்ளைப் புகையும் நனைந்த பிளக்கும் தெரியும். பழைய நைட்ரைல் ரப்பர் சீலைவிட ஃப்ளூரோ ரப்பர் சீல், வைட்டான் என்று கடையில் கேட்டால் தெரியும், எத்தனாலை நன்றாகத் தாங்கும். நிறத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம், பழுப்பாக இருப்பதெல்லாம் வைட்டான் அல்ல. சீலின் உதடுகளுக்கு நடுவே எம்பி 3 போன்ற லித்தியம் கிரீஸை மெல்லிய அளவில் வையுங்கள். கிரீஸ் இல்லாமல் பூட்டிய சீல், எண்ணெய் வந்து சேர்வதற்குள், முதல் சில சுழற்சிகளிலேயே உதடு தேயத் தொடங்கிவிடும். வெளிவிளிம்பு ரப்பரால் மூடியதாக இருந்தால் ஒரு துளி எண்ணெய் போதும். வெறும் உலோக விளிம்பாக இருந்தால், கேஸின் முகத்துக்குப் பூசும் அதே பசையை மெல்லிய வளையமாகப் பூசுங்கள்.

சிறு வாஷர்களையும் பின்களையும் பூட்டும் வரை விழாமல் நிறுத்திவைக்க வாசலின் நல்லது. அது எண்ணெயோடு கரைந்து, சுவடில்லாமல் எரிந்துவிடும். மாஸ்டாவின் சுழல் இன்ஜின்களைப் பூட்டுகிறவர்கள் ரோட்டரின் சீல்களை இடத்தில் நிறுத்துவதற்கும் இதையேதான் பயன்படுத்துகிறார்கள். மதுரை வெயிலில் அது உருகி ஓடும் என்பதால் காலை நேரத்தில் இந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

எண்ணெய் படவே கூடாத இடம் ஒன்று உண்டு. கிராங்கின் இடக்கோடியில் மேக்னெட் உட்காரும் கூம்பு வடிவப் பகுதியை அசிட்டோனால் துடைத்து உலர்வாகவே பூட்ட வேண்டும். அங்கே பிடிமானம் தருவது உராய்வு, சாவித் துண்டு அன்று.

கிராங்க் கேஸை மூடுதல்

பூட்டப்போகும் திருகுகள், டவல் பின்கள், டிரைவர் எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக வைத்த பிறகே டியூப்பைத் திறங்கள். கியர் பெட்டிக்குள் எல்லாம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பசை இல்லாமல் ஒரு முறை மூடிப் பாருங்கள். கியர்களுக்கும் ஷாஃப்டுகளுக்கும் 20டபிள்யூ40 ஆயில் தடவிக்கொள்ளலாம், ஆனால் அது கேஸின் முகத்துக்கு வழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பசையை ஒரு பாதியின் முகத்தில் மட்டும், கீழிருக்கும் உலோகத்தின் நிறம் தெரியும் அளவுக்கு மெல்லியதாக, விரலாலோ சிறு தூரிகையாலோ இடைவெளியின்றிப் பரப்புங்கள். வெளி விளிம்பை எல்லோரும் பார்த்துப் பூசுவார்கள். தவறவிடும் இடம், கிராங்க் அறைக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே நிற்கும் உட்சுவர். அந்தச் சுவரின் முகம் ஒடுக்கமானது, கசிந்தாலும் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. அழுத்தத்தின்போது கலவை கியர் பெட்டிக்குள் போகும், வெற்றிடத்தின்போது கியர் ஆயில் கிராங்க் அறைக்குள் வரும். புதிய சீல் போட்டும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்று அலைகிறவர்கள் சீலை மறுபடி மாற்றும் முன் இந்தச் சுவரை நினைத்துப் பார்க்க வேண்டும். பேரிங்குக்கு எண்ணெய் போகும் சிறு துளைகளின் ஓரத்தில் மட்டும் பசையை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நிறுத்துங்கள்.

பூசியபின் பசை ஒட்டும் பதத்துக்கு வரும் வரை பொறுக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று டியூப்பில் அச்சிட்டிருப்பது மிதமான வெப்பத்துக்கான கணக்கு. நாற்பது டிகிரியைத் தொடும் அக்னி நட்சத்திரப் பகலில் அதில் பாதி நேரத்திலேயே தோல் கட்டும். விரல் முனையால் தொட்டால் நூல் இழுக்க வேண்டும், அதுவே பதம். பாதிகளைச் சேர்த்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, எதிரெதிர் வரிசையில் திருகுகளை இரண்டு மூன்று சுற்றுகளாக இறுக்குங்கள். இறுக்கும் அளவு சர்வீஸ் கையேட்டின்படி இருக்கட்டும். ஒன்றை மறக்காதீர்கள்: திருகின் மரையில் எண்ணெய் தடவினால், ரெஞ்ச் அதே அளவைக் காட்டும்போதும் திருகு கூடுதலாக இழுபடும். அலுமினிய மரை பிடுங்கிக்கொண்டு வருவது பெரும்பாலும் இப்படித்தான். மூடியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள், இறுக்கம் தெரிந்தால் உடனே பிரித்துவிடுவது நல்லது. சிலிண்டர் உட்காரும் வாய் வழியே விரலை விட்டு, உள்ளே பிதுங்கிய பசையைத் துணியால் துடைத்தெடுங்கள்.

மற்ற இணைப்புகள்

ஹெட் பேக்கிங்குக்கு எந்தப் பசையும் கிடையாது, சைலன்சர் வாயின் வளையத்துக்கும் அப்படியே. சிலிண்டரின் கீழ்க் காகிதப் பேக்கிங்கையும், முகங்கள் தட்டையாக இருந்தால், உலர்வாகவே போடுவது என் வழக்கம். கலவையை உள்ளே மட்டும் விடும் ரீட் வால்வின் பேக்கிங் நேரடியாகப் பெட்ரோல் படும் இடம் என்பதால் புதிய காகிதப் பேக்கிங்கின் மேல் பாதி காயும் வகைப் பசையைப் படலமாக மட்டும் தடவலாம். கிளட்ச் கவரில் இருப்பது கியர் ஆயில். காகிதப் பேக்கிங்கின் ஒரு பக்கம் கொஞ்சம் கிரீஸ் தடவிப் போட்டால், அடுத்த முறை கிழியாமல் வரும். கிளட்ச் தட்டுகளைக் கியர் பெட்டிக்கு ஊற்றும் அதே ஆயிலில் ஊறவைத்துப் பூட்டுங்கள். மாலிப்டினம் கலந்த ஆயில் அங்கே போனால் கிளட்ச் வழுக்கும்.

பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் 2டி ஆயிலை விரலால் தடவி, மிகுந்ததைத் துடைத்துவிடுங்கள். மேக்னெட்டுக்குள் இருக்கும் ஸ்டேட்டர் தட்டின் திருகுகளுக்கு நீல நிற மரைப் பசை ஒரு துளி போதும். சிவப்பு வகையைப் பூசினால் பிறகு கடுமையாகச் சூடாக்கித்தான் கழற்ற முடியும், ஆகவே அதைத் தவிர்த்துவிடுங்கள். சைலன்சர் ஸ்டட் மரைக்குத் தாமிரக் கிரீஸ் தடவினால் அடுத்த முறை முறியாமல் வரும்.

கசிவுச் சோதனை

பசை காய ஒரு நாள் விட்டு, பெட்ரோல் ஊற்றுவதற்கு முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பல்பும் முள்ளும் இதற்குப் போதும். பனகல் சாலையில் அரசு ராஜாஜி மருத்துவமனையைச் சுற்றியுள்ள மருத்துவக் கருவிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கையில் கட்டும் பையை நீக்கிவிட்டு, இரண்டு குழாய்களையும் ஒரு டீ இணைப்பில் சேர்த்து, அதன் மூன்றாவது வாயை இன்டேக்கை அடைக்கும் ரப்பர் அடைப்பானின் வழியே உள்ளே விடுங்கள். சைலன்சர் வாயை ரப்பர் தகடும் இரும்புத் தகடும் வைத்து மூடுங்கள். 2டி பம்பின் குழாய் வந்து சேரும் துளையையும் அடையுங்கள். பிளக் அதன் இடத்தில் இருக்கட்டும், பிஸ்டன் கீழே இருக்கட்டும்.

பல்பை அழுத்தி முள்ளை 280 மி.மீ. பாதரச அளவுக்கு ஏற்றினால் அது ஐந்தரை பிஎஸ்ஐ அளவுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேல் போனால் சீலின் உதடு மடங்கிவிடக்கூடும். ஐந்து நிமிடம் முள் நிற்க வேண்டும். இறங்கினால் முதலில் உங்கள் அடைப்பான்களிலும், பிறகு இணைப்புகள், சீல்கள், சிலிண்டரின் அடி எல்லாவற்றிலும் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். வெளியே எங்கும் குமிழி வராமல் முள் மட்டும் இறங்கினால், கியர் ஆயில் ஊற்றும் துளையின் மேல் சோப்புப் படலம் ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். அது உப்பினால் கசிவு உட்சுவரிலோ வலப்பக்கச் சீலிலோ இருக்கிறது. கியர் பெட்டியின் மூச்சுக் குழாயை மூடிவிட்டு இதைச் செய்தால் தெளிவாகத் தெரியும். கையால் இயக்கும் வெற்றிடப் பம்பு கிடைத்தால் எதிர்த்திசையிலும் சோதியுங்கள், அழுத்தத்தில் ஒட்டிக்கொள்ளும் சீல் உதடு சில நேரம் வெற்றிடத்தில் விட்டுவிடும்.

முதல் ஓட்டம்

முதல் டேங்குக்கு லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுங்கள். ஆயில் பம்பு இன்னும் இணைப்பில் இருக்கும் வண்டியானால், பம்பிலுள்ள காற்றை வெளியேற்றி, குழாயில் எண்ணெய் தடையின்றி வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே கலவையை நிறுத்த வேண்டும். பூட்டும்போது தடவிய எண்ணெய் எரியும் வரை சில நிமிடம் புகை கூடுதலாக வரும். அதைக் கண்டு கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருப்பாதீர்கள். புகை அடங்கிய பிறகு, ஆக்சிலேட்டரை விட்டதும் வேகம் உடனே இறங்குகிறதா என்று கவனியுங்கள். இறங்காமல் தொங்கி நின்றால் எங்கோ காற்று நுழைகிறது, அப்போதே நிறுத்திவிட்டு மறுபடி சோதியுங்கள். முதல் சூட்டுக்குப் பின் இன்ஜின் முற்றிலும் ஆறியதும் ஹெட் நட்டுகளை ஒரு முறை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். சுமார் நூறு கிலோமீட்டருக்குப் பின் பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டிவிட்டு, சிறிது தூரம் ஓட்டி மீண்டும் பார்த்த பிறகே நீண்ட தூரத்துக்கு வண்டியை எடுங்கள்.